ஓடத் தெரியாத பாலன்

அம்மாவின் தேத்தண்ணிக்குள் சிவப்பு மண் வந்து விழுந்தது.

பேப்பர் கோப்பை, பால் விடாத தேத்தண்ணி, அதன்மேல் மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டதுபோல் ஒரு மெல்லிய படை. அம்மா கோப்பைக்குள் ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? குடிக்கிறதுக்குள்ளை மண்ணை அடிக்கிறாங்கள்?"

"உங்கடை மகன்தான் அம்மா அடிக்கிறான்," என்றேன். "வளைவிலை திரும்பேக்கை பின்சில்லு கிளப்புற மண்."

நல்ல கோடை. சுற்றியிருந்த ஜெர்மன்காரர் கைகால் தெரிய உடுத்துக்கொண்டு, ஒரு கையில் பியரும் மறு கையில் இறைச்சி ரொட்டியுமாக நின்றார்கள். அம்மா மட்டும் சேலைக்குமேல் என்னுடைய குளிர்காலக் கோட்டைப் போட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஊரிலிருந்து வந்து மூன்று கிழமை ஆகவில்லை. எந்த வெயிலையும் அவர் நம்பத் தயாராயில்லை.

நீள்வட்டமான ஒரு மண் பாதை. அதைச் சுற்றிப் பலகை வேலி. பாதையில் நான்கு பேர், நான்கு நிறத் தலைக்கவசம், நான்கு சுற்று. ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். வளைவு வந்ததும் நான்கு பேரும் இடது காலைக் கீழே இறக்கி மண்ணில் இழுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளைச் சரித்து, முன்சில்லு வலப்பக்கம் பார்க்க இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போவார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது விழப்போகிற மாதிரித்தான் தெரியும்.

"ஏன் எல்லாரும் இடப்பக்கமாவே சுத்துகினம்?" என்று அம்மா கேட்டார். "நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் இப்பிடிச் சுத்துறேல்லை."

சிவப்புத் தலைக்கவசம் முதலாவதாக வந்தது. அதுதான் பாலன். சனம் கத்தியது. நானும் கத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதாமல் விட்டது

இந்தத் தொடரில் அகதிகளைத் தங்கவைக்கிற விடுதியான ஹைமைப் பற்றி எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரிக் குசினியில் உருளைக்கிழங்கு சீவிய காலம், என் கல்யாணம், அது முறிந்த விதம், எசன் நகரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைவர் பதவிக்கு நடந்த அடிபிடி, எல்லாம் எழுதியாயிற்று. அடிபிடியை எழுதியதற்காக இரண்டு குடும்பம் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு அதில் நட்டமில்லை.

தம்பி பாலனைப் பற்றி மட்டும் எழுதவில்லை. "உங்களுக்குச் சகோதரங்கள் இல்லையா?" என்று வாசகர் சிலர் கேட்டார்கள். இருந்தார்கள், இரண்டு தம்பிமார். இப்போது ஒருவரும் இல்லை.

மூத்த தம்பி இந்திரன். ஒரு காலை, யாழ்ப்பாணம் டவுனில் ஒரு அலுவல் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், இன்றைக்குவரை தெரியாது. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. நான் அப்போது ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அவன் போய் ஒரு மாதத்துக்கு மேல்.

அம்மா அழுதது போதும் என்று ஒருநாள் எழும்பினாராம். வீட்டைத் தவிர இருந்த காணியை வந்த விலைக்கு விற்றார். கடைக்குட்டி பாலனை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கையில் பிடித்துக் கொடுத்தார். அப்போது அவனுக்குப் பத்தொன்பது. கொழும்புக்கு பஸ் ஏறும்போது அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "நீ உழைச்சு அனுப்பவேண்டாம். உயிரோடை இருந்தாக் காணும்."

இந்த வசனத்தைப் பாலன் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "நல்ல வேலை தந்திருக்கிறா அக்கா. சும்மா இருந்தாலே சரி."

ஹைமுக்குப் பின்னால் ஒரு சத்தம்

சும்மா இருப்பது அவனுக்கு ஏலாத காரியம். ஆனால் ஜெர்மன் சட்டமும் அதைத்தான் சொன்னது. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவன் வேலை செய்யக்கூடாது, தன் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. நான் எசனில். அவனைப் போட்டது வடக்கே, பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சிற்றூரில். பன்றிப் பண்ணைகள், ஒரு தேவாலயம், ஒரு பழைய பாடசாலைக் கட்டடம். அந்தக் கட்டடம்தான் ஹைம்.

அதற்குப் பின்னால் ஒரு சோளக் காணி. அதற்கும் பின்னால் இருந்து சனிக்கிழமைகளில் ஒரு சத்தம் வருமாம். ஹைமில் இருந்த மற்றவர்கள் யன்னலைப் பூட்டிக்கொண்டு திட்டுவார்கள். ஊரில் கேட்ட சத்தங்கள் போதாதென்று இங்கேயுமா என்று. பாலன் யன்னலால் இறங்கி, சோளத்துக்குள்ளால் நடந்துபோய் என்னவென்று பார்த்தான்.

அது ஸ்பீட்வே கழகம். மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர். பெற்றோலுக்குப் பதிலாக ஒருவகை மதுசாரம். அது எரிகிற மணமும் ஆமணக்கெண்ணெய் கருகுகிற மணமும் சேர்ந்து வரும். "எங்கடை வீட்டிலை பேதிக்குக் குடுக்கிற எண்ணெய் மணம் அக்கா, அதுதான் காலை இழுத்தது," என்பான். இப்படித்தான் அவன் எதையும் சொல்வான். எங்கே விளையாட்டு முடிகிறது, எங்கே உண்மை தொடங்குகிறது என்று நான் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

முதலில் மண்ணை வாரி நிரவும் வேலை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாதையைச் சமப்படுத்த வேண்டும். சம்பளம் இல்லை, சட்டப்படி வாங்கவும் ஏலாது. ஒரு ரொட்டியும் கோலாவும். அங்கே ஹார்ட்முட் என்று அவன் வயதுப் பெடியன் ஒருவன் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் வேறு யாரும் வராதபோது, ஹார்ட்முட் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து ஏறிப் பார் என்றான். பாலன் ஏறினான், முதல் வளைவில் வேலிக்குள் போய் விழுந்தான், மண்ணைத் துப்பிவிட்டு எழும்பித் திரும்ப ஏறினான். இதை ஹார்ட்முட்டே என்னிடம் சொன்னார். இன்றைக்கு அவருக்கு வழுக்கைத் தலை, நான்கு பேரப்பிள்ளைகள். அவரைப் பெடியன் என்று எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் ஆட்களில் அந்த விளையாட்டுக்குள் முதலில் போனவன் பாலன்தான். அவனுக்குப் பிறகும் ஒருவர் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டு பருவம் அவன் கழகத்தின் சொந்தப் பாதையில் மட்டும் ஓடினான். காரணம் அதே மாவட்ட எல்லை. ஹார்ட்முட்டும் மற்றவர்களும் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போவார்கள், பாலன் சோளக் காணிக்கரையில் நின்று கைகாட்டுவான். அந்த மாவட்டத்தில் அவனைவிட வேகமாகப் போகக்கூடியவன் இல்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லாதவனும் அவன்தான். கழகத் தலைவரான மாட்டுப் பண்ணைக்காரர், அனுமதி கொடுக்கிற அரச கந்தோரில் போய் மேசையில் குத்திச் சண்டை பிடித்து, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக அனுமதி எடுத்துக் கொடுத்தார். பிறகு வதிவிட உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஏலவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை அவனுக்குக் 'கறுப்பு மின்னல்' என்று பெயர் வைத்தது. வைத்தவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் எடுத்துக் கேட்கப்போகிறேன் என்றேன். பாலன் மறித்தான். "விடுங்கோ அக்கா. வேலிக்கரையிலை நிண்டு கத்துறவங்கள் இதைவிட மோசமாக் கத்துவாங்கள். இஞ்சின் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்காது. அதுக்காகத்தான் ஓடுறன்."

அவன் ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் சனம் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்பார்கள், தம்பி என்ன செய்கிறார் என்று. மோட்டார் சைக்கிள் ஓடுகிறான் என்பேன். "ஓ, தபால் வேலையோ?" என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அப்பா செத்த பிறகு அம்மா மூன்று மாத விசாவில் வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அது பெரிய கதை, அதில் பாதியை முன்பே எழுதியிருக்கிறேன்.

பாலனுக்கு அது உச்சமான வருடம். தெற்கே ஒரு பெரிய அணி அவனை அடுத்த பருவத்துக்குக் கேட்டிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்து வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவனுக்கு ஒரே ஒரு ஆசை, அம்மா ஒருதரம் பார்க்க வேண்டும். "நான் சும்மா இருக்கேல்லை எண்டு அவவுக்குக் காட்டவேணும் அக்கா." அதற்காகத்தான் எசனிலிருந்து ரயிலேறி, இரண்டு இடத்தில் மாறி, அம்மாவைக் கோட்டோடு கொண்டுபோய் அந்த வேலிக்கரையில் இருத்தினேன்.

ஓட்டம் முடிந்து பாலன் ஓடி வந்தான். தோல் உடுப்பு, முகமெல்லாம் சேறு, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் சேறில்லாமல். கழுத்தில் இலை மாலை. மாலையைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டான். ஜெர்மன்காரர் கைதட்டினார்கள். அம்மா மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டுபோய் மோட்டார் சைக்கிளைக் காட்டினான். சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்துப் படத்தைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினான். இடது சப்பாத்துக்குக் கீழே இரும்புத் தகடு, மண்ணில் இழுப்பதற்கு. இது கிளட்ச். இது இன்னது.

"பிரேக் எங்கை?" என்று அம்மா கேட்டார். அப்பாவின் சைக்கிள் கடையில் இருந்து பழகியவர், கேட்கத் தெரிந்தவர்.

"பிரேக்கே இல்லை அம்மா!" என்றான் பாலன் பெருமையாக.

அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அவன் காணவில்லை.

"இந்தக் கயிறு?"

கைப்பிடியில் ஒரு சின்னக் கயிறு தொங்கியது. ஓடும்போது மறு நுனியை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். "அது, விழுந்தா இழுபட்டு இஞ்சின் நிக்கிறதுக்கு அம்மா. இல்லாட்டி மற்றவைக்குமேலை போய் ஏறிடும்."

அம்மா அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப விழுவம் எண்டு தெரிஞ்சுதான் கட்டிக்கொண்டு ஏறுறாய்," என்றார்.

பாலன் சிரித்தான். ஹார்ட்முட்டும் விளங்காமல் கூடச் சிரித்தார். இந்திரன் சைக்கிளில் போன வழியைப் பார்த்துக்கொண்டு படலையில் மாதக்கணக்காக நின்ற மனுசியை, பிரேக் இல்லாத ஒன்றில் மிச்சமிருக்கிற மகன் ஏறி ஓடுவதைப் பார்க்கக் கூட்டிவந்திருக்கிறோம். எங்கள் இருவருக்கும் அது அதுவரை உறைக்கவேயில்லை.

ஆறிப்போன புட்டு

அடுத்த நாள் பாலனும் எங்களோடு எசனுக்கு வந்தான். நான் புட்டு அவித்தேன், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். அம்மா தொடவில்லை. பின்னேரம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன அம்மா என்று பாலன் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தான்.

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவன் பகிடி விட்டுச் சமாளித்திருப்பான். "காணியை வித்தது என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். "ஒருத்தனைக் காவு குடுத்தன். மற்றவனைக் காப்பாத்த அனுப்பினன். நீ இஞ்சை வந்து விளையாட்டுக்குச் சாகப் பாக்கிறாய்."

"சாகமாட்டன் அம்மா. நான் கவனம்."

"அவனும் கவனமானவன்தான்."

அம்மா அவன் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தார். "நான் உயிரோடை இருக்கும் மட்டும் மோட்டார் சைக்கிள்லை ஏறமாட்டன் எண்டு சொல்லு."

பாலன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். பெற்றவள் தலையில் கைவைத்துச் செய்கிற சத்தியம் என்னவென்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு. பகுத்தறிவு பேசுகிறவர்களையும் கண்டிருக்கிறேன், தாயின் தலையில் கையை வைத்தால் அவர்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஏறமாட்டன்," என்றான்.

"முழுக்கச் சொல்லு."

முழுவதும் சொன்னான். பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வந்து ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டான். அம்மாவும் சாப்பிட்டார். கறி நல்லாயிருக்கு அக்கா என்றான்.

கார் ஓடத் தெரியாதவர்

தெற்கு அணிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். மோட்டார் சைக்கிளை ஹார்ட்முட்டிடம் கொடுத்தான், இரும்புச் சப்பாத்தையும் கொடுத்தான். எசனுக்கு வந்து அம்மாவோடு ஒரு வீட்டில் குடியேறினான். ஒரு சாமான் கிடங்கில் சுற்று முறை வேலை. கல்யாணம் பேசினோம், ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாதபடி அவனே பார்த்துக்கொண்டான் என்று இப்போது நினைக்கிறேன்.

சத்தியம் செய்தது மோட்டார் சைக்கிளுக்குத்தான். அவன் காரும் ஓடவில்லை. அந்தப் பந்தயத்துக்கு வீதி லைசென்ஸ் தேவையில்லை என்பதால் முன்பும் எடுத்திருக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை. ஏனென்று ஒருதரம் கேட்டேன். "பிரேக்கோடை ஓடிப் பழக்கமில்லை," என்றான்.

அதனால் எங்கள் சனத்தின் மத்தியில் அவனுக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. "பாலன் அண்ணைக்கு ஓடத் தெரியாது, அவரையும் ஏத்திக்கொண்டு வாங்கோ." கொண்டாட்டங்கள், செத்தவீடுகள், எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவருடைய காரின் பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் மடியில் பலகாரச் சட்டியோடு இருப்பான். நேற்று லைசென்ஸ் எடுத்த பெடியள் எல்லாம் அவனுக்குக் கியர் மாற்றுகிற விதத்தை விளக்குவார்கள். அவன் ஓம் ஓம் என்று கேட்பான். எனக்கு வாய் துருதுருக்கும். அவன் என் காலை மிதிப்பான்.

ஒவ்வொரு கோடையும் ஹார்ட்முட் எசனுக்கு வருவார். கழகத்தில் பழைய ஓட்டக்காரர் நாள் என்று ஒன்று வைப்பார்கள், பழைய ஆட்கள் பழைய மோட்டார் சைக்கிளில் மெதுவாக நாலு சுற்று. பாலனை வரச் சொல்லிக் கேட்பார். பாலன் கோப்பி ஊற்றிக் கொடுப்பான், கேக் வெட்டிக் கொடுப்பான், வரமாட்டேன் என்பான். ஹார்ட்முட் போய்விடுவார். இது வருடாவருடம் நடந்தது.

கேட்கச் சொன்னான்

போன வருடம் ஹார்ட்முட் வந்தபோது பாலன் "வாறன்" என்று சொல்லிவிட்டான்.

கணையத்தில் புற்றுநோய் என்று டொக்டர் சொல்லிச் சில கிழமைதான் ஆகியிருந்தது. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். அம்மாவுக்குக் குடற்புண் என்று சொல்லிவைத்திருந்தோம். தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற மனுசியிடம் வேறென்ன சொல்வது? நாங்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். யாருக்கு நோவும் என்று பார்த்து அவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவோம்.

"அக்கா, நீங்கள் அம்மாவிட்டைக் கேளுங்கோ," என்றான். "அந்தச் சத்தியத்தை விடச் சொல்லிக் கேளுங்கோ. நாலு சுத்துக் காணும். நான் கேட்க ஏலாது."

"நோய் வருத்தத்தைச் சொல்லிக் கேட்கட்டோ?"

"சொல்லக்கூடாது. சொன்னா விடுவா. எனக்குப் பாவம் பாத்து விடவேண்டாம். சும்மா விடவேணும்."

அம்மா கதிரையில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து நானும் இரண்டு பல் உரித்தேன். ஊர்க் கதை கொஞ்சம் கதைத்தேன். பிறகு, பாலனுக்கு வயது போகுது அம்மா, ஹார்ட்முட் கூப்பிடுறார், மெதுவாத்தான் போவினம், கிழவன்மாரின் விளையாட்டு, அந்தப் பழைய சத்தியத்தை விட்டுவிடுங்கோ என்றேன்.

அம்மா உள்ளியை வைக்கவில்லை. "ஏன் அவசரம்?" என்றார். "நான் செத்தாப் பிறகு ஓடட்டும். இனிக் கன நாளே?"

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்து பாலனிடம் சொன்னேன். அவன் யன்னலைத் திறந்துவிட்டான். பிறகு சிரித்தான். "அம்மா நூறு வயசுக்கு இருக்கட்டும்," என்றான். அவன் அதை மனதார வாழ்த்தினான், எனக்குத் தெரியும். அதனால்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

அன்பான ஆஸ்பத்திரி

நோய் எங்கள் கணக்கைவிட வேகமாகப் போனது. பழைய ஓட்டக்காரர் நாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவனை ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், நோவை மட்டும் பார்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். நல்ல அறை. யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம். அம்மாவைக் கூட்டிப் போனேன், குடற்புண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம் என்று சொல்லி.

ஒரு தாதி அம்மாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள். இன்னொருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து, அம்மாவின் தோளை மெல்லத் தடவிவிட்டுப் போனாள். பாலன் நித்திரையாக இருந்தான். அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஊசி இல்லை. இரத்தம் எடுக்க ஒருத்தரும் வரேல்லை," என்றார். "சுகப்படுத்துற இடமெண்டா இவ்வளவு அன்பா இருக்கமாட்டினம். உண்மையைச் சொல்லு பிள்ளை."

நான் சொல்லவில்லை. சொல்லாததே அவருக்குப் போதுமாயிருந்தது.

அம்மா அழவில்லை. கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுக்கச் சொன்னார். பாலன் கண்ணைத் திறந்ததும் அவன் கையைத் தூக்கினார். அது அவ்வளவு மெலிந்து போயிருந்தது. தன் தலையில் வைத்தார். பிறகு தானே அதை எடுத்துப் போர்வையில் வைத்தார்.

"எடுத்திட்டன் அப்பு. இனி உனக்கு ஒரு சத்தியமும் இல்லை. நீ போய் ஓடு."

அவன் கேட்டமாதிரிச் சும்மா வரவில்லை அந்த விடுதலை. பாவம் பார்த்துத்தான் வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"சரி அம்மா," என்றான். "முதல்லை இந்தக் காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடுங்கோ. விறைச்சுக் கிடக்கு."

அம்மா போர்வையை விலக்கி இடது காலைப் பிடித்துவிட்டார். விரல்கள், குதிகால், கணுக்கால். பின்னேரம்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் பாலன் போய்விட்டான்.

ஹார்ட்முட்டிடம் கேட்டது

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்திருந்தது. சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்காரர் எங்கேயும் போகக்கூடாது என்று எல்லோரும் சொல்ல, அம்மா தன்னைப் பழைய ஓட்டக்காரர் நாளுக்கு அந்த ஓட்டப் பாதைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஹார்ட்முட் தன் காரைக் கொண்டுவந்து எங்களை ஏற்றினார்.

பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள். பெரிய வயிறும் மூட்டுவலியுமாக, தோல் உடுப்புக்குள் திணித்துக்கொண்டு வந்தவர்கள். அம்மாவின் பக்கத்தில் ஹார்ட்முட் இருந்தார். முதல் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இவரிட்டை ஒண்டு கேள்," என்றார் அம்மா. "என்ரை பிள்ளை கெட்டிக்காரனோ?"

பாலன் பெயரெடுத்தபோதும் விட்டபோதும், பின்சீட்டில் பலகாரச் சட்டியோடு போனபோதும் அவர் இதைக் கேட்டதில்லை. நான் டொச் மொழியில் கேட்டேன். ஹார்ட்முட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். யோசித்து யோசித்துச் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அவன் ஓடுறதை விட்ட வருஷம் தாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டவையாம் அம்மா. வாய்விட்டுச் சொல்லேல்லையாம், உள்ளுக்குள்ளை. இனித் தாங்களும் ஒருநாள் வெல்லலாம் எண்டு. பிறகு இவர் வெண்டாராம். வெண்ட அண்டைக்குத்தானாம் தெரிஞ்சது, பாலன் ஓடியிருந்தா இவர் ரெண்டாவதெண்டு. அவர் பிறகு வெண்டதெல்லாம் அப்பிடித்தானாம்."

பாதையில் யாரோ இஞ்சினை முறுக்கினார்கள். ஆமணக்கெண்ணெய் மணம் வந்தது. அம்மா என் கையைப் பிடித்தார், நோகும்படி பிடித்தார்.

"உயிரோடை இருக்கட்டும் எண்டுதானே பிள்ளை மறிச்சன்," என்றார். "மறிச்சும் போயிட்டான். ஓடவாவது விட்டிருக்கலாம்."

அம்மா என்ன சொல்கிறார் என்று ஹார்ட்முட் கேட்டார். நாற்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அந்த நேரம் எனக்கு டொச்சில் ஒரு சொல்லும் வரவில்லை.